சனிக்கிழமை கடலுக்குப் போகிறவன் பிள்ளையை எப்போது பார்ப்பது? கஸ்டடி வழக்கு பற்றிக் கேள்வி

தீவுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தங்கச்சிமடம், விசைப்படகில் டிரைவராக இருக்கிறேன். மனைவி பிள்ளைகளோடு தொண்டிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பையனுக்கு 9 வயது, பாப்பாவுக்கு 4. இப்போது ராமநாதபுரம் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. விவாகரத்தும் கேட்டிருக்கிறாள், இரண்டு பிள்ளைகளின் கஸ்டடியும் கேட்டிருக்கிறாள்.

சர்ச் பங்குச் சாமி இரண்டு வீட்டையும் கூப்பிட்டுப் பேசிப் பார்த்துவிட்டார். சேர்ந்து வாழ்வது இனி நடக்காது, அதற்கு யோசனை கேட்டு இங்கே வரவில்லை. பிள்ளைகள் விஷயம்தான் தூங்க விடவில்லை.

கரையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அஞ்சு வயது வரை அம்மாவுக்குத்தான் என்கிறான் ஒருவன். பையன் உனக்கு, பொண்ணு அவளுக்கு என்று பிரித்துவிடுவார்கள் என்கிறான் இன்னொருவன். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை கோர்ட்டில் வைத்துக் காட்டுவார்கள், அவ்வளவுதான் என்று மூன்றாவது ஆள். எங்களுக்குச் சனிக்கிழமை தொழில் நாள். திங்கள், புதன், சனி கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலையில்தான் கரை.

அவள் மனுவில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். நான் கடலுக்குப் போகிறவனாம், என்றைக்கு இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போகும் என்று தெரியாதாம், அதனால் என்னிடம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லையாம். கடல் தொழில் செய்கிறவனுக்குப் பிள்ளை கிடையாது என்று சட்டம் இருக்கிறதா? கோர்ட் எதை வைத்துத்தான் முடிவு செய்கிறது?

நாட்டுப்படகு:

சட்டம் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை மாப்ளே. பிள்ளை யார் கையில் இருக்கிறதோ அவங்க பக்கம்தான் தீர்ப்பு. ஸ்கூல் விடுகிற நேரம் பார்த்துப் போய்ப் பையனை மட்டுமாவது வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடு. மீதியை அப்புறம் பார்க்கலாம்.

வக்காலத்து:

ராமநாதபுரத்தில் வக்கீல் தொழில் செய்கிறேன். முதலில் நாட்டுப்படகுக்கு: தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். பையனைத் தூக்கி வந்தால் எதிர்த்தரப்பு அடுத்த நாளே ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடும். பெற்றோரில் ஒருவர் வைத்திருந்தாலும் அந்த மனு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இலேயே சொல்லிவிட்டது. போலீஸ் துணையோடு பையன் மதுரைக்குப் போவான். நம்ம ஊர் வழக்கிலும் இவருடைய பெயர் கெட்டுவிடும். பள்ளி வாசலில் பிள்ளையை இழுத்துக்கொண்டு போன ஆள் என்றுதான் கடைசி வரைக்கும் பேச்சு ஓடும்.

தம்பி தீவுக்காரன், இனி உங்கள் கேள்வி. சர்ச்சில் நடந்த கல்யாணம் என்று புரிகிறது. அப்படியென்றால் கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டம். அதில் 41 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் பிள்ளைகளைப் பற்றியவை. இதற்குப் பக்கத்தில் எல்லா மதத்துக்கும் பொதுவாக 1890-ஆம் வருட கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் (மைனர் பிள்ளைக்குக் காப்பாளர் யார் என்பது பற்றியது) இருக்கிறது. அஞ்சு வயதுக் கணக்கு 1956-இன் இந்து இளவர் (மைனர்) சட்டம் 6-ஆவது பிரிவில் வருவது. அதிலும் "சாதாரணமாக" அம்மாவிடம் என்றுதான் போட்டிருக்கிறது, கட்டாயம் என்று இல்லை. எழுத்துப்படி அது உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் 4 வயதுப் பெண் குழந்தை, ஒரு வருடமாக அம்மாவோடு இருக்கிறது என்றால், எந்த மதமானாலும் ஜட்ஜ் அப்படியே தொடரட்டும் என்றுதான் நினைப்பார். முழு கஸ்டடி கிடைக்கும் என்று உங்களிடம் சொல்கிற வக்கீல் ஃபீஸுக்காகச் சொல்கிறார்.

பையனைப் பிரிப்பதும் நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தங்கையைப் பிரிக்கத் தகுந்த காரணம் இல்லாமல் கோர்ட் மனம் வைப்பதில்லை.

எதைப் பார்ப்பார்கள் என்றால், 1890 சட்டத்தின் 17-ஆவது பிரிவில் பட்டியலே இருக்கிறது: பிள்ளையின் வயது, ஆணா பெண்ணா, மதம், கேட்கிறவரின் குணம், தகுதி, பிள்ளைக்கும் அவருக்கும் உள்ள நெருக்கம். யோசித்துச் சொல்லும் வயது வந்திருந்தால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலன். 1973-இல் ரோசி ஜேக்கப் வழக்கு என்று ஒன்று, நம்ம மெட்ராஸிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன கிறிஸ்தவக் குடும்பத்து வழக்கு. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்று அதில் எழுதினார்கள். இன்றைக்கும் எல்லாக் கஸ்டடித் தீர்ப்பிலும் அதை எடுத்துப் போடுகிறார்கள்.

தொழில் பற்றி. கடல் தொழில் செய்பவருக்குப் பிள்ளை தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நேவி பிடிக்கும் என்ற வாதத்துக்குப் பயப்பட வேண்டாம், ஜட்ஜுக்கும் இந்த மாவட்டம் தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் வரும் கேள்வி உண்மையான கேள்வி: வாரத்தில் மூன்று ராத்திரி நீங்கள் கடலில் இருந்தால் பிள்ளைகளோடு வீட்டில் படுப்பது யார்?

பாசிக்காரி:

வக்கீல் சார் கடைசியில் கேட்டதுதான் கேள்வி. என் வழக்கில் என்னிடமும் இதையேதான் கேட்டார்கள். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுத்துப் பிழைக்கிறவள் நான். பாசிக்குப் போகிற நாளில் விடியுமுன்னே கிளம்பணும். பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவார்கள், பஸ் யார் ஏற்றுவார்கள் என்று கோர்ட்டில் கவுன்சலிங் செய்கிறவர் (கவுன்சலர்) கேட்டார். என் அம்மா என்றேன். வாயால் சொன்னால் போதாது என்று அடுத்த வாய்தாவுக்கு அம்மாவையே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். ஆகவே தம்பி, கடல்காரன் என்பதால் உன்னை மட்டும் கேட்கிறார்கள் என்று நினைக்காதே.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ எழுதியதில் உன் சனிக்கிழமை இருக்கிறது, உன் டோக்கன் இருக்கிறது. பாப்பாவுக்கு எந்த மருந்து ஒத்துக்காது, பையனுக்கு வகுப்பாசிரியர் யார், தடுப்பூசி அட்டை யாரிடம் இருக்கிறது என்று தெரியுமா? என் வீட்டுக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதற்கெல்லாம் என் முகத்தைப் பார்த்தார். கவுன்சலர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

தீவுக்காரன்:

அக்கா, கோபம் இல்லை. பையன் பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான், அவனுக்கு வீசிங் உண்டு. பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அவள்தான் போவாள், அது உண்மை. கடலுக்குப் போகிற ராத்திரி என் அம்மா இருப்பார், வீடு ஒரே வீடுதான். ஆனால் ஒரு வருடமாகப் பாப்பா என் முகத்தையே சரியாகப் பார்க்கவில்லை. அவள் மறந்துவிட்டால் எந்தச் சட்டத்தை வைத்து நினைவுபடுத்துவது?

வக்காலத்து:

அதற்குத்தான் இடைக்கால மனு. நாட்டுப்படகு சொன்னதில் பாதி சரி, வழிதான் தப்பு. பிள்ளை எங்கே பழகி நிலைத்துவிட்டதோ அதைக் கலைக்கக் கோர்ட் தயங்கும். மெயின் வழக்கு முடிய வருடக்கணக்காகலாம். அதுவரை சும்மா இருந்தால், நீங்கள் வராததே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். முதல் வாய்தாவிலேயே வக்காலத்துத் தாக்கல் செய்யுங்கள். அதோடு சேர்த்துப் பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கேட்டு ஒரு மனு போடுங்கள். கடல் நாளாக இருந்தாலும் நோட்டீஸை விட்டுவிடாதீர்கள், எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது நீங்கள் இல்லாமலே முடிவு செய்துவிடுவார்கள். வாய்தாவுக்கு வக்கீல் போனால் போதும். கவுன்சலிங், சமரசப் பேச்சு என்றால் நீங்களே வரணும்.

நாட்டுப்படகு:

சார், நான் சொன்ன முறை தப்பாகவே இருக்கட்டும். ஆனால் எல்லாக் கோர்ட்டும் பெண்கள் பக்கம்தானே? இரண்டு பேருக்கும் சரிபாதி என்று புதுச் சட்டம் வந்ததாகச் சொன்னார்களே, அது என்ன ஆச்சு?

வக்காலத்து:

சட்டம் வரவில்லை. 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் கூட்டுக் கஸ்டடிக்கு வழி செய்யச் சொன்னது. அது பரிந்துரையாகவே நிற்கிறது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் ஜட்ஜ் அப்படி உத்தரவு போடுவதற்குத் தடை இல்லை. தொண்டியும் தங்கச்சிமடமும் ஒரே மாவட்டம்தான். ஆனாலும் பையனுக்கு ஒரே பள்ளிக்கூடம்தானே இருக்க முடியும்? வாரத்தில் பாதி நாள் பாலம் தாண்டிப் பள்ளிக்கு அனுப்ப முடியாது.

பெண்கள் பக்கம் என்பதைப் பற்றி. 12 வயதுப் பெண் பிள்ளை அப்பாவோடு இருக்கிறேன் என்று தெளிவாகச் சொன்னதை ஏற்று, உச்ச நீதிமன்றம் அப்பாவிடமே விட்ட வழக்கு 2006-இல் இருக்கிறது. அம்மா கெட்டவர் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பெரும்பாலும் அம்மாவுக்குப் போகிறது என்றால், பெரும்பாலான வீட்டில் அந்த வேலைகளைச் செய்தது அம்மா. பாசிக்காரி அக்கா கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்த அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

பள்ளிக்கூடத்தம்மா:

பையனை ஜட்ஜ் சேம்பரில் கூப்பிட்டுப் பேசுவார், அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தும் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். 9 வயதுப் பிள்ளையிடம் அம்மா வேணுமா அப்பா வேணுமா என்று நேரே கேட்கிற ஜட்ஜ் நல்ல ஜட்ஜ் இல்லை. நல்லவர்கள் பள்ளிக்கூடம், சாப்பாடு, கூட்டாளிகள் என்று தொடங்கி, ராத்திரி யார் பக்கத்தில் படுப்பாய் என்று கேட்டு வாங்கிவிடுவார்கள். சொல்லிக்கொடுத்த பேச்சு உடனே தெரிந்துவிடும். "அப்பா ஜீவனாம்சம் தரவில்லை" என்று 9 வயதுப் பிள்ளை சொன்னால் அது யாருடைய வாய்? இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் தம்பி, பிள்ளையை ஒப்படைக்கிற இடமாகப் பள்ளி வாசலை எழுதிவிடாதீர்கள். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பிள்ளை தலை நிமிராது. ஆனால் ரேங்க் கார்டையும் கூட்டத் தகவலையும் இரண்டு பேருக்கும் பள்ளி தர வேண்டும் என்று உத்தரவில் ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் தலைமையாசிரியர்கள் வம்பு எதற்கு என்று ஒதுங்கிவிடுவார்கள்.

தேவிபட்டினம் தாத்தா:

எங்கள் காலத்தில் ஊர்க் கூட்டத்தில் நாலு பேர் உட்கார்ந்து பிள்ளை இங்கே, செலவுக்கு இவ்வளவு என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் கோர்ட். பேரனைப் பார்க்க ஒரு தாத்தா மனு போடுகிற காலம் வந்துவிட்டது. ஊர்ப் பத்திரம் செல்லாதா வக்கீல் ஐயா?

வக்காலத்து:

ஐயா, கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது. பெற்றோர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பிள்ளையின் நலனுக்கு ஒவ்வாது என்றால் ஜட்ஜ் தள்ளிவிடுவார். ஆனால் அந்த நாலு பேர் பேசி முடித்ததையே கூட்டு மெமோவாக எழுதிக் கோர்ட்டில் கொடுத்து உத்தரவாக வாங்கிக்கொண்டால் பலம். தாத்தா பாட்டி தனியாக மனு போட்டு அலைவதைவிட, "தந்தையின் நாட்களில் அவருடைய பெற்றோரும் உடனிருக்கலாம்" என்று அதிலேயே சேர்த்துவிடுவது சுலபம்.

சபுராளி:

கீழக்கரை. துபாயில் வேலை. எனக்கும் இதே நிலைமைதான். வீட்டில் எல்லோரும் ஹிளானத் (பிள்ளை எத்தனை வயது வரை அம்மாவிடம் என்ற எங்கள் மார்க்க முறை) வயதுக் கணக்கைச் சொல்கிறார்கள். அதிலும் ஹனபிக்கு ஒரு கணக்கு, ஷாபிக்கு ஒரு கணக்கு. கோர்ட் அதைப் பார்க்குமா? இன்னொன்று, என் மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க அவள் அம்மா கையெழுத்துப் போட மறுக்கிறார். லீவில் ஒரு மாதம் இங்கே கூட்டிவர ஆசை.

வக்காலத்து:

1890 சட்டத்தின் 17-ஆவது பிரிவே பிள்ளைக்குரிய மதத் தனிச்சட்டத்தை மனதில் வைத்துப் பிள்ளையின் நலனைப் பார்க்கச் சொல்கிறது. மத்ஹப் (ஹனபி, ஷாபி போன்ற பிரிவு) கணக்கைக் கேட்பார்கள். நலனோடு மோதினால் நலன்தான் ஜெயிக்கும். பாஸ்போர்ட்டுக்கு ஒரு பெற்றோர் மட்டும் உறுதிமொழி கொடுத்து விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் வழக்கு நடக்கும்போது கோர்ட் அனுமதி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். பிள்ளை வெளிநாடு போனால் திரும்பி வருமா என்பதுதான் ஜட்ஜின் கவலை. பிள்ளைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஆகவே போகவர டிக்கெட், தங்கும் முகவரி, திரும்பும் தேதி, ஜாமீன் தொகை எல்லாம் கேட்பார்கள். முதல் வருடம் நீங்கள் ஊருக்கு வந்து இங்கேயே ஒரு மாதம் கேளுங்கள். அது ஒழுங்காக நடந்தால் அடுத்த வருடம் துபாய் கேட்கலாம்.

தினமும் வீடியோவில் பேசுவதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். 2020-இல் யஷிதா சாஹு வழக்கில், கூட இல்லாத பெற்றோர் தினமும் அஞ்சு பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வழி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீவுக்காரனுக்கும் இது பொருந்தும்.

பாசிக்காரி:

எல்லாம் சரி. செலவுக்குக் காசு பற்றி ஒரு ஆம்பளையும் இங்கே வாய் திறக்கவில்லையே.

தீவுக்காரன்:

கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை அக்கா. எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? டீசல், ஐஸ் போக மிஞ்சுவதில் பங்கு. ஒரு நாள் நாலாயிரம் வரும், ஒரு வாரம் ஒன்றுமே வராது. மீன்பிடித் தடைக்காலத்தில் அரசாங்கம் தருகிற 8,000 ரூபாய்தான். அவள் மனுவில் மாதம் 60,000 சம்பாதிக்கிறேன் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி வந்தால் நான் ஏன் டிரைவராக இருக்கிறேன், சொந்தப் போட் வாங்கியிருக்க மாட்டேனா?

வக்காலத்து:

2020 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வந்த ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்புக்கு அப்புறம், ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லை என்று சும்மா இருந்தால் அவர்கள் எழுதிய 60,000 நிற்கும். போட் ஓனரிடம் பங்குக் கணக்கு, பேங்க் பாஸ்புக், சொசைட்டி அட்டை, நிவாரணம் ஏறிய பதிவு எல்லாவற்றையும் வைத்து வருடத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துக் காட்டுங்கள். தடைக்காலத்தில் குறைவாகவும் மற்ற மாதங்களில் கூடுதலாகவும் கட்ட அனுமதி கேட்கலாம். பிள்ளைகள் செலவு, படிப்பு பற்றிய இடைக்கால மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்கணும் என்று விவாகரத்துச் சட்டம் 41-ஆவது பிரிவே சொல்கிறது. முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 125 என்று எல்லோருக்கும் தெரிந்த ஜீவனாம்சப் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதில் வந்த புதுச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 144.

ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் காட்டவில்லை என்று காசை நிறுத்தக்கூடாது, காசு வரவில்லை என்று பிள்ளையை மறைக்கவும் கூடாது. கோர்ட்டுக்கு இரண்டும் தனித்தனி.

தீவுக்காரன்:

அப்படியானால் கேட்கிறேன். நான் என்ன நாள் கேட்பது? முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை பத்து முதல் ஒன்று வரை என்று டைப் அடித்த ஃபார்ம் மாதிரி ஒன்றை வக்கீலின் குமாஸ்தா காட்டினார்.

வக்காலத்து:

யாரும் வேறு எதையும் கேட்காததால் அதைக் கொடுக்கிறார்கள். ஜட்ஜுக்கு உங்கள் டோக்கன் நாள் தெரியாது. ஆபீஸ் வேலை பார்க்கிறவருக்குத் தைத்த சட்டையை நீங்கள் ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்? ஒரு தாளில் வருடத்தை எழுதுங்கள். கடலுக்குப் போகிற நாள், கரைக்கு வருகிற நேரம், பள்ளி லீவு, திருவிழா, தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உங்கள் படகு கரையில். பள்ளிக்கூடப் பெரிய லீவு முழுக்க அதற்குள்தான் வருகிறது. மாதச் சம்பளக்கார அப்பா பத்து நாள் லீவு கேட்டுத் தவம் கிடக்கிறார். அந்த லீவு உங்களுக்குத் தானாகவே கிடைக்கிறது. இதை எந்த மனுவிலும் நான் பார்த்ததில்லை, எழுதியவர்கள் எல்லாம் கரைக்காரர்கள்.

பாசிக்காரி:

லீவு முழுவதையும் கேட்டுவிடாதே தம்பி. அம்மாவுக்கும் பிள்ளைகளோடு சும்மா இருக்கிற நாள் வேண்டாமா? பள்ளி நாளெல்லாம் குளிப்பாட்டி, துவைத்து, வீட்டுப்பாடம் பார்த்து அனுப்புவது அவள், லீவில் நுங்கும் ஐஸும் வாங்கிக் கொடுத்து நல்ல பேர் வாங்குவது நீயா? பாதி கேள். பாப்பாவுக்கு முதலில் பகல் மட்டும் கேள். ஒரு வருடமாகப் பார்க்காத ஆளோடு 4 வயதுப் பிள்ளை ராத்திரி தங்காது, அழும். அந்த அழுகையே அடுத்த மனுவில் ஏறிவிடும்.

தீவுக்காரன்:

இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஞாயிறு காலை கரை சேர்ந்து மீன் இறக்கி முடிக்கவே நேரமாகிவிடும், அதனால் ஞாயிறு மதியம் இரண்டு முதல் ஆறு வரை. வாரம் விட்டு வாரம். ராமநாதபுரத்தில் ஒப்படைப்பது, இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறையப் பாதி வழி. கடலுக்குப் போகாத நாட்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ. கோடை லீவில் பையன் பாதி நாள் என்னிடம், பாப்பா பகலில் மட்டும். ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கு இரண்டு பேரும் எங்கள் ஊரில், கிறிஸ்துமஸ் அவளிடம், புது வருடம் என்னிடம்.

வக்காலத்து:

நன்றாக இருக்கிறது. ஓட்டைகளைச் சொல்கிறேன். ஒன்று, தூக்கம் இல்லாமல் கரையேறிய ஞாயிறு மதியமே பைக்கில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிவீர்கள் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். ஊருக்குக் கொண்டுபோகாமல் ராமநாதபுரத்திலேயே நேரம் போக்கிவிட்டு ஒப்படையுங்கள். இரண்டு, ஈடு நாள். படகு லேட்டாகிறது, எஞ்சின் கோளாறு, புயல் கூண்டு ஏறிப் பஸ் ஓடவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். தவறிய ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் சண்டை. மூன்று, உங்களையே நேவி பிடித்துவிட்டால்? அவர்கள் எழுப்புமுன் நீங்களே எழுதுங்கள்: அந்தக் காலத்தில் பிள்ளைகள் அம்மாவிடமே, மாதம் ஒரு நாள் உங்கள் தாயார் வந்து பார்ப்பார் என்று. பயந்து மறைத்த விஷயம் என்று தோன்றாது.

பள்ளிக்கூடத்தம்மா:

வீசிங் உள்ள பையன் என்றீர்கள். இன்ஹேலர் எந்தப் பையில் போகும், மருந்துச் சீட்டு யாரிடம் என்றும் ஒரு வரி. சிரிக்காதீர்கள், இதில்தான் மாட்டுவார்கள்.

நாட்டுப்படகு:

இவ்வளவும் எழுதிக் கொடுத்து அவங்க ஞாயிற்றுக்கிழமை வராமலே இருந்தால்?

வக்காலத்து:

வந்த நேரம், காத்திருந்த நேரம், அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். சண்டை போடாமல் கோர்ட்டில் மனு. உத்தரவை மதிக்காதவர்மீது நடவடிக்கை கேட்கலாம். திரும்பத் திரும்ப நடந்தால் ஏற்பாட்டையே மாற்றச் சொல்லலாம். கஸ்டடி உத்தரவு கல்வெட்டு கிடையாது, நிலைமை மாறினால் மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. இதே வழி அம்மாவுக்கும் உண்டு: நீங்கள் குடித்துவிட்டு வந்தாலோ, வராமலே இருந்தாலோ உங்கள் நாளும் குறையும்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், தீவுக்காரனுக்கு இல்லை, படிக்கிறவர்களுக்கு. அடி உதை நடந்த வீடு என்றால் இந்த அட்டவணைப் பேச்சே வேறு. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் 21-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டே தற்காலிகக் கஸ்டடி கொடுக்கலாம், பிள்ளைக்கு ஆபத்து என்றால் பார்க்கவும் அனுமதி மறுக்கலாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.

தீவுக்காரன்:

பல வாரம் ஆகிவிட்டது, எழுத முடியவில்லை. சமரச மையத்தில் பேச்சு முடிந்தது. அவள் ஞாயிற்றுக்கு ஒத்துக்கொண்டாள். ராமநாதபுரத்துக்கும் ஒத்துக்கொண்டாள், ஆனால் அவள் அண்ணன் கூட வருவாராம். வீடியோ சரி. லீவில் பையனுக்குப் பாதி சரி. பாப்பா விஷயத்தில் ஒரு ராத்திரிகூட முடியாது, ஆறு வயது ஆகட்டும் என்கிறாள். திருவிழாவுக்கு மட்டும் பாப்பாவைக் கூட்டிப்போகலாம், அன்றைக்கே திருப்பிவிடணும். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. கையெழுத்துப் போடுவதா, இதை மட்டும் வழக்காடுவதா?

பாசிக்காரி:

கையெழுத்துப் போடு. ஆறு வயது என்று தேதியோடு எழுதி வாங்கு, "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடாதே. அண்ணன் வந்தால் வரட்டும். நாலு ஞாயிறு போனால் அவரே டீ குடிக்கப் போய்விடுவார்.

நாட்டுப்படகு:

நான் என்றால் வழக்காடுவேன்.

வக்காலத்து:

ஆறு வயது என்பதற்குப் பதிலாக "ஓர் ஆண்டு ஒழுங்காக நடந்த பின், சனிக்கிழமை தொழில் இல்லாத தடைக்காலத்தில், முதலில் ஒரு இரவு" என்று போட முடியுமா என்று மீடியேட்டரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அக்கா சொன்னதுபோல் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். மெமோவில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கணும், பையனின் மருந்து வரியும் ஈடு நாள் வரியும் விட்டுப்போகக் கூடாது. கோர்ட் அதை உத்தரவாகப் போட்டதும் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே மனுக் கொடுங்கள். வாய்தா திங்கள், புதன் வந்தால் ஓனரிடம் முன்கூட்டியே சொல்லி வேறு டிரைவரை ஏற்பாடு செய்துவிடுங்கள்.

தீவுக்காரன்:

வாய்தா வியாழக்கிழமை சார். கரையேறி நேரே வந்துவிடுவேன்.